பீங்கான் தட்டின் வட்டம்

கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. மூன்று நாளைக்கு முன் சோதனைச்சாவடியில் பிடிபட்ட துறைமுகத் தொழிலாளி பழனிமுத்துவை விடச் சொல்லும் மனு மேசையில் கிடக்கிறது. முதல் பெயர்க்காரரைத்தான் பொலிஸ் முதலில் தேடிவரும் என்று டோரின் ரீச்சர் மனுத்தாளில் ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வட்டம் கீறியிருக்கிறார். அதைச் சுற்றி, பிக்குவின் பெயருக்குப் பக்கத்தில் மௌலவியின் பெயர், அதையடுத்துக் கோயில் ஐயரின் பெயர், பிறகு தெருக்காரர்களின் பெயர்கள். யாரும் முதல் இல்லை, கடைசியும் இல்லை. பெருவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அது பழனிமுத்துவின் மனைவி ஆறாயியின் கைநாட்டுக்காக விட்டது. மைப்பெட்டி திறந்தபடி காய்கிறது.

“பெண்சாதி கை வைக்காட்டி எங்களை ஆரெண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்கள்,” என்கிறார் டோரின்.

“வச்சா என்னையும் புடிச்சிருவாங்களே டீச்சர். அட்டன்லேருந்து போன கெழமதானே வந்தேன். வெளியூர்லேருந்து வந்து தங்குறவங்க பதியணுமாமே, அந்தப் பொலிஸ் பதிவுல எம்பேரு இல்லீங்க,” என்கிறாள் மேசையருகே நிற்கும் ஆறாயி.

“நெருக்கி எழுதியிருந்தா எடம் உட்டதே வெளங்கியிருக்காது,” என்று மௌலவி மெதுவாகச் சொல்கிறார். பிக்கு அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை பெயர்களும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்க, எழுதாத பெயர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

விசிறிக் காற்றில் தாள் எழும்புகிறது. ஆறாயியின் கை தன்னையறியாமல் நீண்டு அதை அமுக்குகிறது. மை படாத பெருவிரல் சரியாக அந்த இடத்தில். எடுத்தால் தாள் பறந்துவிடும்.