மாப்பிள்ளை வைத்த விலை

எண்பத்தைந்தாயிரம்.

அவன் வாயால் சொன்ன விலைதான். இப்போது அது கட்டாக, வெற்றிலை பாக்குத் தட்டில், அவனுக்கு முன்னால் இருந்தது.

தட்டை நீட்டியபடி மாமனார் நின்றார். பக்கத்தில் மனைவி சுபாஷிணி. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அவனுடைய பழைய கேமிங் லேப்டாப் நாற்பதுகூடப் போகாது. விசாரித்த கடைக்காரர்கள் ஒருவரும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. அந்தக் கூட்டத்தில் இது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

விற்கச் சொன்னது சுபாஷிணி. மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவனுக்கோ மனமில்லை. பகலெல்லாம் தவணை வசூலுக்கு அலைந்து, ஊர் ஏச்சையெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டு வருகிறவன். அந்தத் திரைக்கு முன்னால் உட்காரும்போதுதான் அவனை யாரும் திட்டுவதில்லை.

விற்க மாட்டேன் என்று சொல்லவும் துணிச்சல் இல்லை.

அதனால் விற்பனைச் செயலியில், யாரும் கிட்டே வர முடியாத விலையாகப் பார்த்துப் போட்டுவைத்தான். யாராவது கேட்டார்களா என்று அவள் விசாரிக்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கினான். பாவம், கேட்க ஆளில்லை என்று அவளும் நம்பினாள்.

நம்பியவள் சும்மா இருந்திருக்கலாம். முசிறிக்கு ஃபோன் போட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அவள் தங்கை தர்ஷிணி அனிமேஷன் படிக்கிறாள். அவளுக்கு இப்படி ஒன்று வேண்டும். வெளியில் விலை கேட்டார்களா என்றால், இல்லை. கம்ப்யூட்டர் சமாச்சாரத்தில் அந்தக் குடும்பத்துக்கு அவன் சொன்னதுதான் வேதவாக்கு.

எப்போதும் ஸ்கூட்டரில் வருகிற மாமனார் இன்று தர்ஷிணியோடு பஸ்ஸில் வந்திருந்தார். வண்டி எங்கே என்று கேட்டதற்கு, வயதான காலத்தில் அது எதற்கு, கொடுத்துவிட்டேன் என்று சிரித்தார்.

அந்த வண்டிதான் தட்டில் கட்டாக இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

முதலில் விலையைக் குறைக்கப் பார்த்தான். நமக்குள் என்ன மாமா, நாற்பது போதும் என்றான்.

மாமனார் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. மாப்பிள்ளை வைத்த விலையில் கைவைத்தால் நன்றாகவா இருக்கும் என்றார்.

பணமே வேண்டாம், சும்மா எடுத்துப் போங்கள் என்றான்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“பொண்ணு வீட்டுலேருந்து சும்மா ஒரு துரும்பக்கூட எடுத்துட்டுப் போற பழக்கம் எங்களுக்கு இல்லைங்க மாப்பிள்ளை.”

இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வான்?

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. பெரிய கேம் எதையாவது ஓடவிட்டால் அந்த லேப்டாப் அரை மணி நேரத்தில் கொதித்து, தானாக அணைந்துவிடும். இவர்கள் கண்ணெதிரே அணைந்தால் போதும். ரிப்பேர் சாமானுக்கு இவ்வளவு எதற்கு என்று பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவன் பொய்யும் வெளியே வராது.

ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள் என்று தர்ஷிணியிடம் சொல்லி, இருப்பதிலேயே பெரிய கேமைத் திறந்துகொடுத்தான்.

காப்பி வந்தது. குடித்தும் ஆயிற்று.

பாழாய்ப்போனது, இன்றைக்கென்று ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

மாமனார் எழுந்து துண்டை உதறினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவன் மன்றாடினான். அவர் கையைக்கூடப் பிடித்துவிட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் மாமனாரை ஒரு வாய் சாப்பிடச் சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

சமையலறைக்குப் போகிற வழியில் சுபாஷிணி அவன் காதருகே நின்றாள்.

“உங்கள நான் தப்பா நெனச்சுட்டேங்க.”

அதற்குப் பதில் அவள் அவனை அறைந்திருக்கலாம்.

இலை போட்டாயிற்று. சாப்பிட வரும் முன் தர்ஷிணி லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தாள். லேசாகச் சுடுகிறது அத்தான், பாவம், கொஞ்சம் ஆறட்டும் என்றாள். ஆசை ஆசையாக அதை அணைத்து, மூடி, பைக்குள் வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். இனி அவனே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

எதிரே மாமனார் ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தங்கமான மனுஷன் என்று பெரிய மகளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

மோர்ச்சோறும் முடிந்தது. அவர் இலையை மூடாமல் காத்திருந்தார். மாப்பிள்ளை எழுந்திருக்காமல் அவர் எழுந்திருக்க மாட்டார்.

அவனுக்கு வயிறு முட்டிவிட்டது.

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.