நாலு விரல் இடைவெளி

“பிக்கப் வண்டியோட பின் ஸ்பிரிங் கட்டுல ரெண்டு பட்டை கூடுதலா சேத்திருக்கேன். ஒன்றரை பங்கு ஏத்தினாலும் வண்டி உக்காராது,” என்றார் மெக்கானிக். “ஏத்துறவங்கதான் உக்காந்துடுவாங்க.”

“உக்காரட்டும். அவங்களுக்குக் கூலி லோடுக்குத்தானே, கல்லுக்கு இல்லையே!” என்று சிரித்தேன். பெரிய புத்திசாலி நான்.

எங்கள் செங்கல் சூளையில் யாரும் கல்லை எண்ணுவதில்லை. வண்டியின் பின்பக்கம் இறங்கி, டயருக்கு மேலே இடைவெளி நாலு விரலாகக் குறைந்துவிட்டால் லோடு முடிந்தது.

மறுநாள் காலை நான்கு பெண்கள் சுமந்து சுமந்து அடுக்கியும் வண்டி இறங்கவில்லை.

“இவன் அடியில பட்டை சேத்துட்டான்!” என்று ஒருத்தி கத்தினாள்.

நான் கேபினை விட்டு இறங்கவில்லை. “அதே பழைய வண்டிதான். வழக்கப்படி ஏத்துங்க,” என்றேன்.

நால்வரில் மூத்தவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்தவள், “பட்டையெல்லாம் ஒண்ணும் சேக்கல. கல்லுதான் இன்னிக்குக் கனம் கம்மி. நீங்க மூணு பேரும் ஓரமா உக்காருங்க, மிச்சத்தை நான் ஏத்துறேன்,” என்றாள்.

அவள் சொன்னால் சூளையில் மறுபேச்சு கிடையாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சுமந்தாள். கண்ணாடியில்கூட அவளைப் பார்க்க எனக்கு முகமில்லை.

நாலு விரல் இடைவெளி வந்ததும், மூச்சு வாங்க ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“கூடப் பொறந்த பாவத்துக்கு ஒரு பொய் சொல்லிட்டேன்டா. சாயங்காலம் அந்த ரெண்டு பட்டையையும் கழட்டிட்டு வீட்டுக்கு வா.”