கரையில் நடந்த நீச்சல் பயிற்சி

குளத்துக் கல்லூரியின் நீச்சல் நுழைவுத் தேர்வில் வாத்துக்குஞ்சு முதலிடம் என்று தவளை அறிவித்ததும், அதை அடைகாத்துப் பொரித்த செவலைக் கோழிக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் ஓடி, "எல்லாம் என் பயிற்சிதான்" என்றது.

"நீ எங்கேம்மா எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தே? நான் தண்ணியில இறங்குறப்பல்லாம் கரையில நின்னு, இறங்காதே இறங்காதேன்னுதானே கத்துனே?" என்றது வாத்துக்குஞ்சு.

"அதுதாண்டா பயிற்சி" என்றது கோழி.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஊர்க் கோழிகளெல்லாம் தங்கள் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு குளத்தங்கரையில் முண்டியடித்தன. "உங்க பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே எங்க பிள்ளைங்களுக்கும் சொல்லிக்கொடுங்கக்கா" என்றன.

செவலை சிறகை உதறிக்கொண்டு கரைமேல் ஏறி நின்றது. கொஞ்சமும் மாற்றாமல், அதே குரலில், "இறங்காதே, இறங்காதே" என்று கத்தியது. குஞ்சுகள் சொல் தட்டாதவை. ஒன்றுகூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

சாயங்காலம், தொண்டை கட்டிப்போன செவலை தாய்க்கோழிகளைத் தனியாகக் கூப்பிட்டது. "என் பயிற்சியில ஒரு குறையும் இல்லை. உங்க பிள்ளைங்ககிட்டதான் உழைப்பு போதாது."

தாய்க்கோழிகள் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த வருஷத்துக்கும் இப்போதே இடம் கேட்டன.