ஒரு சதவீதம் மிச்சம்

“மலை ஏறும்போது ஹீட்டர் கூடாது, கூரைமேல பெட்டி கூடாது, வேகம் கூடவே கூடாது. மீறினா உங்க பழைய பேட்டரி மலைவீட்டு வாசல்லயே காலி!” என்றான் பக்கத்து வீட்டு மெக்கானிக் ஹால்வார்.

“நிச்சயமா காலியாயிடுமா?” என்று கேட்டு, ராக்னா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

ஈஸ்டர் விடுமுறைக்குக் கிளம்பியபோது அவர்களது மின்சாரக் காரின் கூரைமேல் பெரிய பெட்டி இருந்தது.

“ஏவிந்த், குளிருது. ஹீட்டரைக் கூட்டு.”

கூட்டினான்.

“பஸ்கூட நம்மள முந்துது பாரு. அழுத்து!”

கணவன் மறுபேச்சில்லாமல் அழுத்தினான்.

மலைவீட்டு வாசலில் கார் நின்றபோது பேட்டரியில் ஒரு சதவீதம்தான் மிச்சம். வீட்டில் மின்சாரமே கிடையாது.

ஏவிந்த் ஆபீஸ் மேலாளருக்குப் போன் போட்டான். “ஸ்டைனார், கார்ல சார்ஜ் இல்ல. இங்க கரண்டும் இல்ல. லீவு முடியுற வரைக்கும் என்னை எதிர்பார்க்காதீங்க.”

ராக்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. “மன்னிச்சுடு, எல்லாம் என் வேலைதான். வருஷா வருஷம் மறுநாளே ஆபீஸ் கூப்பிடுதுன்னு ஓடிடுவியே!”

“தெரியும். ஹால்வார் சொல்லிட்டான். ஆனா உன்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டான். இறக்கத்துல கார் தானாவே சார்ஜ் ஏத்திக்கும். இந்த ஒரு சதவீதத்தை வச்சு இப்பவே கிளம்பினாலும் அடிவாரத்துல பதினஞ்சு சதவீதம் இருக்கும்.”

ராக்னாவின் முகம் வாடியது. “அப்ப ஸ்டைனார் உன்னை இறங்கி வான்னு சொல்லலியா?”

“அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? அவர் இன்னும் டீசல் கார்தான் ஓட்டுறாரு!” என்று ஏவிந்த் போனை அணைத்துவிட்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தொடங்கினான்.