மண்டபத்தில் அப்பா எழுந்து நின்றார்

பக்கவாதத்தில் செயலிழந்த அப்பாவின் கால்களுக்கு ஆறு மாதமாக மின்பட்டை கட்டிவருகிறோம். என் போனில் 'எழு' என்பதைத் தொட்டால் மின்சாரம் தொடைத் தசைகளை இறுக்கி, அவரைத் தூக்கி நிறுத்திவிடும். அந்தப் பயிற்சியில் கால்கள் நன்றாகவே தேறியிருந்தன.

தங்கை யாழினியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா சண்முகவடிவேல் மண்டபத்துக்குள் வந்தார். நிச்சயதார்த்தத்தில் அத்தனை பேர் முன்னால், "நடக்க முடியாத மனுசன் வீட்ல பொண்ணு எடுக்கோம், எங்க பெருந்தன்மை" என்று சிரித்தவர் அவர். எல்லோரும் எழுந்தார்கள். வேட்டிக்குள் பட்டைகள் கட்டியிருந்த அப்பா மட்டும் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

"எந்திங்கப்பா, எல்லாரும் பாக்காங்க" என்றேன்.

"மாட்டேன்" என்றார், என் காதில் மட்டும் விழும்படி.

சண்முகவடிவேலின் முகம் மாறியது. நான் பயந்துபோய்ப் போனை எடுத்து 'எழு'வைத் தொட்டேன். அப்பா விறைப்பாக எழுந்து நின்றார். மண்டபமே கைதட்டியது. சண்முகவடிவேல் அவர் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குனிந்து பட்டைகளைக் கழற்றினேன்.

"முந்தாநாளே இது இல்லாம நானா எந்திச்சு நின்னுட்டேம்ல. கல்யாணம் முடியட்டும், சொல்லுவோம்னு இருந்தேன்" என்றார். "அந்தாளு முன்னால முடியாமலா உக்காந்திருந்தேன்?"

என்னால் நிமிர முடியவில்லை. அவர் சுவரைப் பிடித்துத் தானாக எழுந்து, என்னைத் தாண்டி, மெல்ல உள்ளே போனார்.