இரண்டுக்கும் ஒரே சொல்

இங்கிலாந்தின் நோர்போக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியை ஆளில்லாத இயந்திரம்தான் வெட்டுகிறது. அங்கே வாழும் விலங்குகளைப் படம் பிடித்துப் பதிவது என் பொறுப்பு. எந்த விலங்குக்காக நிற்பது என்று அந்தப் பதிவைப் பார்த்துத்தான் இயந்திரம் முடிவெடுக்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு விலங்கு புல்லுக்குள் பதுங்கியிருந்தது. நீண்ட காதுகளின் நுனி கறுப்பு. படம் மங்கலாக விழுந்ததால் கமரா, "இது என்ன?" என்று தமிழில் கேட்டது. என் மொழியில் கேட்கிறதே என்ற பெருமையில், "முயல்" என்றேன்.

அது 'ராபிட்' என்று பதிந்துகொண்டது. ராபிட் வளைக்குள் ஓடிவிடும். அதற்காக இயந்திரம் நிற்பதில்லை. நான் கண்டது வளையே தோண்டாத பெரிய முயல். ஆங்கிலத்தில் அதற்கு 'ஹெயர்' என்று வேறு பெயர்; அதற்கென்றால் இயந்திரம் நிற்கும். அதன் குட்டிகள் வெறும் புல்லில் அசையாமல் படுத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை புல்வெட்டு முடிந்தபின் வெட்டுண்டு கிடந்த மூன்று குட்டிகளை நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

"எங்கட பாஷையில ரெண்டும் முயல்தானே, கௌசி. நீர் பிழையாச் சொல்லேல்லையே," என்றார் என் கணவர் ஆரூரன்.

"எனக்கு வித்தியாசம் தெரியுமப்பா. தெரிஞ்சும் பேசாம இருந்திட்டன்."

அன்று பொழுதுபடும் நேரம் அந்தப் பெரிய முயல் பால் கொடுக்கத் திரும்பி வந்தது. வெட்டிய புல்லை முகர்ந்து முகர்ந்து அதே இடத்தில் நின்றது. பழக்கதோஷத்தில் கமராவை உயர்த்திவிட்டேன்.

"இது என்ன?"

"தாய்," என்றேன்.

"பட்டியலில் இல்லை. மீண்டும் சொல்லவும்."