உங்க மனசு இப்ப எப்படி இருக்கு?

துறைத் தலைவர் ஸ்டூடியோ விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார், மின்சாரத்தையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி.

இதழியல் படிக்க நான் பார்க்க வந்த மூன்றாவது கல்லூரி இது. முதல் கல்லூரியில் கேமராவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. இரண்டாவதில், பாடம் எடுக்கப்போகிறவருக்குப் பேப்பர் படிக்கிற பழக்கமே இல்லையாம். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

இங்கே எல்லாம் பளபளவென்று இருந்தது, தலைவரின் ஷூ உட்பட. மாணவர்களை மட்டும் உள்ளே விட்டு, பெற்றோரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவர் முன்பு டிவி நிருபர். "நான் ஃபீல்டுல இருந்தப்ப" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் கோட்டை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தியரி யார் வேணா சொல்லித் தருவான். இதப் பாருங்க."

திரையில் ஒரு பழைய செய்தி ஓடியது. தொழிற்சாலை தீ விபத்து. ஆஸ்பத்திரி வாசலில், கலைந்த தலையோடு ஒரு பெண். அவள் முகத்துக்கு நேரே மைக்.

"உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாராமே, உங்க மனசு இப்ப எப்படி இருக்கு?"

வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் புரிந்தது.

பிறகு அந்த அலறல்.

படத்தை அங்கேயே நிறுத்தினார். "அந்தம்மாவுக்கு அதுவரைக்கும் விஷயமே தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும். இந்த நொடி எவனுக்குக் கிடைக்கும்?"

பக்கத்து நாற்காலிப் பையன் வாய் பிளந்து தலையாட்டினான். இந்தத் தொழிலில் பெரிய ஆளாக வருவான்.

"ஒரே ஒரு குறை." திரையின் மூலையைப் பேனாவால் தட்டினார். "இந்த வாண்டு. கேமராவையே முறைச்சுக்கிட்டு நிக்குது. ஃபிரேமே கெட்டுப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கும் எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

எழுந்து வெளியே வந்தேன்.

அம்மா பெஞ்சிலிருந்து நிமிர்ந்தாள். "என்னடி, அதுக்குள்ள வந்துட்ட? நல்லா சொல்லித் தராங்களா?"

"போலாம்மா, வா."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டிருந்தது. உள்ளே அவர், "இன்னொரு தடவ பாருங்க" என்றார்.

அலறல் வராந்தா வரை வந்தது.

அம்மா நின்றுவிட்டாள். தன் குரல் தனக்குத் தெரியாதா?

என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மூடிக்கொள்ளப்போன கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் எரிச்சலோடு திரும்பினார்.

"பேரன்ட்ஸ் எல்லாம் வெளியில இருங்கம்மா."

அவருக்குப் பின்னால், திரை முழுக்க, அம்மாவின் முகம்.